மந்தை வீடு திரும்பும் இரவு

731இல் எழுதி முடித்த இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில் பீட் என்ற துறவி, அயர்லாந்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு செய்தி சொல்கிறார். அங்கே குளிர் அவ்வளவு கடுமையில்லை. அதனால் யாரும் கோடையில் புல் அறுத்துக் காயவைத்துச் சேர்ப்பதில்லை, மாடுகளுக்குக் கொட்டில் கட்டுவதுமில்லை என்கிறார். மேலோட்டமாகப் படித்தால் கவலையற்ற வாழ்க்கை போலத் தெரியும். மாடு வளர்த்தவர்களுக்கு அதற்குப் பின்னால் இருக்கும் கறாரான கணக்கு புரியும். சேமித்த தீவனம் இல்லையென்றால் குளிர்காலம் முழுக்க மாடு எதைத் தின்னும்? வீட்டைச் சுற்றி வளர்ந்து நிற்கும் புல்லைத்தான். அந்தப் புல் அதுவரை நிற்க வேண்டுமென்றால் கோடை முழுக்க ஒரு மாடும் அதில் வாய் வைக்கக் கூடாது. ஆகவே மே பிறந்ததும் மந்தையை மலைச்சரிவுக்கு ஓட்டினார்கள். நவம்பர் பிறக்கும்போது கீழே இறக்கினார்கள். கீழே இறக்கிய பிறகு இன்னொரு கணக்கு: காத்து வைத்த புல் எத்தனை வாய்க்குத் தாங்கும்? தாங்காதவற்றை அப்போதே அறுத்து, இறைச்சியை உப்பிட்டு வைத்தார்கள். இந்த இறக்கமும் கணக்கும் கூடிய நாளைச் சுற்றி எழுந்த விழாதான் சௌவின். கெல்ட்டிய மக்களின் இலையுதிர்காலப் பெருவிழா என்று இன்று உலகம் அறிந்திருப்பது அதைத்தான்; ஹாலோவீனுக்குத் தாய் என்றும், இறந்தவர்களின் திருநாள் என்றும் சொல்லப்படுவதும் அதைத்தான். அதன் பொருளைக் கல்லறையில் தேடுவதைவிட மேய்ச்சல் நிலத்தில் தேடினால் அதிகம் கிடைக்கும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘சம்ஹெயின்’ என்று வரும். ஐரிஷ் மொழியில் அந்த இடத்து எழுத்துகள் வகரம்போல் ஒலிப்பதால் ‘சௌவின்’ என்பதே நெருங்கிய உச்சரிப்பு. இன்றைக்கும் ஐரிஷில் நவம்பர் மாதத்தின் பெயர் அதுதான். மான் தீவில் இதே விழாவுக்கு ஹொப்-டு-நா என்று பெயர். வேல்ஸில் நவம்பர் 1ஐ ‘குளிர்காலத்தின் முதல் நாள்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஆண்டை நான்காகப் பிரிக்கும் நான்கு விழாக்கள் அயர்லாந்தில் இருந்தன: நவம்பர் 1இல் சௌவின், பிப்ரவரி 1இல் இம்போல்க், மே 1இல் பெல்டனா, ஆகஸ்ட் 1இல் லூனசா. ஆனால் எமெர் என்ற பெண்ணை வீரன் கூஹுலின் மணம் பேசப் போகும் இடைக்காலக் கதையில், முன்னாளில் ஆண்டுக்கு இரண்டே பாகம்தான் என்று சொல்லப்படுகிறது. பெல்டனாவிலிருந்து கோடை, சௌவினிலிருந்து குளிர்காலம். ‘கோடை முடிவு’ என்று அந்தப் பெயரைப் பிரித்துக் காட்டுவதும் அத்தகைய பழைய நூல்கள்தான். மொழியியலாளர்கள் சிலர் அதை ஏற்காமல் ‘கூடுகை’ என்ற வேரைக் காட்டுகிறார்கள். எப்படிப் பிரித்தாலும் நம் வாதத்துக்குப் பழுதில்லை, இரண்டும் அந்த நாளில் நடந்தவைதாம். நாள் பிறப்பது விடியலில் என்று அவர்கள் கருதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால் நாட்டுக் கெல்ட்டியர் பொழுதை இரவுகளால் எண்ணுகிறார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதினார். நவம்பர் 1இன் விழா அக்டோபர் 31 அந்தியில் தொடங்குவதன் காரணம் அதுவே.

மாட்டை நடுவில் வைத்துப் பார்த்தால் பல சிதறிய செய்திகள் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. பழைய ஐரிஷ் சட்ட நூல்களில் அபராதமும் ஒருவரின் மான விலையும் கறவைப் பசுக் கணக்கில்தான் வரும். பசு அங்கே காசு. ஃபியன்னா எனப்பட்ட வேட்டை வீரர்கள் பெல்டனாவிலிருந்து சௌவின் வரை காட்டில் வேட்டையாடி வாழ்ந்தார்கள், சௌவினிலிருந்து பெல்டனா வரை ஊர் மக்களின் வீடுகளில் தங்கி உண்டார்கள் என்று 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதுகிறார். மந்தைக்கு விதித்த அதே அட்டவணை மனிதருக்கும் பொருந்துகிறது. டோனகால், அக்கில் தீவு, கொன்னமாரா போன்ற மேற்குப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டிலும் இளம்பெண்கள் கோடை முழுக்க மலைக் குடிசைகளில் மாடுகளோடு தங்கி, பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, குளிர் தொடங்கும் முன் ஊருக்குத் திரும்பினார்கள். நிலவரி கட்ட வேண்டிய நாள் மேயிலும் நவம்பரிலும் வந்தது. அல்ஸ்டர் பகுதியில் பண்ணையாட்களை ஆறு மாதக் கூலிக்கு அமர்த்தும் சந்தைகளும் அந்த இரண்டு மாதங்களில்தான் கூடின. மதம் மாறி, ஆட்சி மாறி, மொழியே பல இடங்களில் மாறிய பிறகும் கடனும் கூலியும் வாடகையும் சௌவினைப் பற்றிக்கொண்டு நின்றன. ஒரு விழாவின் வேர் எங்கே இருக்கிறது என்று அறிய, அதன் பூசைகள் மறைந்த பிறகும் எது மறையவில்லை என்று பார்ப்பது நல்ல வழி.

அப்படியானால் பேயும் பிசாசும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழும். அவை பிற்காலத்தில் ஒட்டியவை என்று தள்ளிவிட முடியாது. மிகப் பழைய கதைகளிலேயே சௌவின் இரவு அச்சம் நிறைந்த இரவுதான். அந்தக் கதைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நெராவின் கதை. கொனாக்ட் நாட்டரசன் ஆலிலும் அரசி மேவும் குருவஹன் கோட்டையில் சௌவின் இரவில் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். கொப்பரையில் உணவு வேகிறது. முந்தின நாள் இரண்டு கைதிகளைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். வெளியே போய் அதில் ஒருவன் காலில் ஒரு கொடிவளையம் கட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்கிறான் அரசன். போனவர்கள் எல்லாம் இருட்டுக்குப் பயந்து திரும்பிவிட, நெரா போகிறான். வளையம் நிற்காமல் கழன்று விழுகிறது. சரியான முளை வைத்துக் கட்டு என்று தூக்கில் தொங்குபவனே சொல்லிக்கொடுக்கிறான். பிறகு, தாகத்தோடு செத்தேன், என்னைத் தண்ணீர் இருக்கும் வீட்டுக்குத் தூக்கிப் போ என்கிறான். நெரா பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கிறான். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு நிற்கிறது. அங்கே தணலை எப்போதும் மூடி வைப்பார்கள், நமக்கு அங்கே தண்ணீர் கிடைக்காது என்கிறது பிணம். இரண்டாம் வீட்டைச் சுற்றி நீர் நிற்கிறது. இரவில் கழுவிய அழுக்குநீரை விட்டுவைக்காத வீடு அது. மூன்றாம் வீட்டில் குளித்த நீரும் கழுவிய நீரும் கழுநீர்த் தொட்டியும் அப்படியே கிடக்கின்றன. பிணம் உள்ளே போய்க் குடித்து, கடைசி வாயை வீட்டார் முகத்தில் துப்ப, அத்தனை பேரும் மாண்டுபோகிறார்கள்.

இந்தக் கதையில் காவல் எது என்று கவனிக்க வேண்டும். மந்திரமோ கடவுளோ எந்த வீட்டையும் காக்கவில்லை. மூடிய தணலும் வெளியே கொட்டிய அழுக்குநீரும் காக்கின்றன. கோடை முழுக்க மலையிலும் வயலிலும் சிதறிக் கிடந்த குடும்பம், ஆறு மாதத்துக்கு ஒரே கூரைக்குக் கீழே அடைபடப் போகிறது. அந்த வீடு ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் உண்மையில் உயிர்போகும் கேள்வி. நெரா திரும்பி வரும்போது கோட்டை எரிந்து கிடக்கிறது, வெட்டுண்ட தலைகள் குவிந்து கிடக்கின்றன. எதிரிப் படையைத் தொடர்ந்து அவன் ஒரு குகைக்குள் நுழைகிறான். அது ஷீ எனப்படும் மறு உலகத்தாரின் இருப்பிடம். அங்கே அவனுக்கு வாய்த்த மனைவி சொல்கிறாள்: நீ கண்டது நிழல்தான், நீ போய் எச்சரிக்காவிட்டால் அது நிஜமாகும். நான் சொன்னால் எப்படி நம்புவார்கள் என்று கேட்கிறான். கோடையின் பொருள்களைக் கொண்டுபோ என்கிறாள் அவள். காட்டுப்பூண்டு, பிரிம்ரோஸ் பூ, பொன்னிறப் பெரணி ஆகியவற்றோடு அவன் மேலே வந்தால், அதே கொப்பரை இன்னும் அடுப்பில் இருக்கிறது; அங்கே நாள்கள் போய்விட்டன, இங்கே கணம்கூட ஆகவில்லை. குளிர்காலம் நுழையும் இரவில் கை நிறையப் பச்சையும் பூவுமாக ஒருவன் வாசலில் நிற்பதைவிடச் சௌவினை விளக்க வேறு சித்திரம் வேண்டாம். மேலே குளிர்காலம் என்றால் கீழே கோடை. இரண்டு பருவத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இரவு எதற்கும் சொந்தமில்லாததால் கதவு திறந்துவிடுகிறது. எல்லையைக் கண்டு அஞ்சுவது அந்த இரவின் இயல்பு. எல்லை அங்கே வந்து விழுந்ததற்குக் காரணம் மந்தையின் நடை.

இந்த அச்சம் வீட்டு வழக்கமாக ஆயிரம் ஆண்டு கடந்தும் வந்திருக்கிறது. அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1937 முதல் 1939 வரை சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர்ப் பெரியவர்களிடம் வழக்கங்களைக் கேட்டு எழுதச் செய்தது. இப்படித் திரட்டியவை, 20ஆம் நூற்றாண்டின் பிற சேகரிப்புகள் ஆகியவற்றில் சௌவின் இரவின் அறிவுரைகள் நிறைய. கால் கழுவிய நீரை வாசலில் கொட்டுமுன் ‘விலகு’ என்று குரல் கொடுக்க வேண்டும், வழியில் போகிற கண்ணுக்குத் தெரியாதவர் மேல் பட்டுவிடும். வெளியே போகும் குழந்தையின் தலையில் உப்பு தூவ வேண்டும். சௌவினுக்குப் பிறகு வேலியோரக் கருப்புப் பெர்ரியைத் தின்னக் கூடாது, பூக்கா என்ற குறும்புப் பேய் அதன்மேல் துப்பியிருக்கும். இந்தக் கடைசி விதிக்கு எளிய விளக்கம் உண்டு: உறைபனி பட்ட பழம் அழுகும். ஆனால் விதி இப்படிச் சொல்லப்பட்டதால்தான் பிள்ளைகள் கேட்டார்கள். பழம் பறிக்கும் காலத்துக்கும் ஒரு முடிவு நாள் கிடைத்தது.

குறி பார்க்கும் விளையாட்டுகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் அச்சிட்ட ‘ஹாலோவீன்’ கவிதைக்கு அவரே எழுதிய குறிப்புகள் ஸ்காட்லாந்தின் தென்மேற்கு உழவர் வீட்டை அப்படியே காட்டுகின்றன. இளைஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், கையில் முதலில் அகப்பட்ட கோசுக்கீரைச் செடியை வேரோடு பிடுங்குவார்கள். தண்டு நெட்டையா குட்டையா, நேரா கோணலா என்பது வரப்போகும் துணையின் உருவம். வேரில் ஒட்டிய மண் சீர்ப் பணம். தண்டின் உட்சோற்றின் சுவை அவர் குணம். அடுப்பில் இரண்டு கொட்டைகளை இருவர் பெயர் சொல்லி வைத்து, அவை சேர்ந்து எரிகின்றனவா, வெடித்து விலகுகின்றனவா என்று பார்ப்பார்கள். அயர்லாந்தில் உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம் வைத்துச் சுடுவதும் இதே குடும்பம்தான். பெர்த்ஷயரில் விளையாட்டின் முகம் கடுமையாகிறது. 1790களில் வெளிவந்த ஸ்காட்லாந்துப் புள்ளிவிவரத் தொகுப்பில் ஒரு போதகர் எழுதுகிறார்: சொக்கப்பனை எரிந்து தணிந்ததும் சாம்பலை வட்டமாகக் கூட்டி, குடும்பத்தில் ஆளுக்கு ஒரு கல் வைப்பார்கள், காலையில் எவர் கல் இடம் மாறியிருக்கிறதோ, அவர் அடுத்த சௌவினைப் பார்க்க மாட்டார். யார் யாரை மணப்பார், யார் பிழைப்பார் என்று கேட்கும் இந்தக் கேள்விகளும், எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எதை அறுப்பது என்று பகலில் கேட்ட கேள்வியும் வேறுவேறல்ல. பகலில் மந்தையை எண்ணியவர்கள் இரவில் தங்களை எண்ணிக்கொண்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சௌவின் கெல்ட்டியரின் புத்தாண்டு, இறந்தோர் வீடு திரும்பும் நாள் என்றுதானே புத்தகங்களெல்லாம் சொல்கின்றன? புத்தாண்டுக் கருத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பியவர் வேல்ஸ் அறிஞர் ஜான் ரீஸ். பெரும்பாலும் மான் தீவில் அவர் காலத்தில் கேட்டறிந்த வழக்கங்களையே சான்றாக வைத்தார். அதை எடுத்து இறந்தோர் விழாவாக வளர்த்தவர் ‘கோல்டன் பௌ’ எழுதிய ஜேம்ஸ் ஃப்ரேசர். அந்த ஃப்ரேசரே, நவம்பர் 1ம் மே 1ம் உழவருக்குப் பொருந்தாத தேதிகள், மேய்ப்பருக்கே பொருந்தும் என்று தெளிவாகக் கண்டவர். கண்ட பிறகும் கல்லறைப் பக்கம் நடந்துவிட்டார் என்பது எனக்கு வருத்தமே. 1996இல் ரொனால்ட் ஹட்டன் பிரிட்டிஷ் தீவுகளின் ஆண்டு விழாக்களை மொத்தமாக ஆராய்ந்தபோது, பழைய ஐரிஷ் நூல்களில் சௌவின் இறந்தோர் விழா என்பதற்கு நேரான சான்று இல்லை என்று காட்டினார். நாட்டார் வழக்கத்திலும், கதவைத் தாழிடாமல் அடுப்பருகே இருக்கை போட்டுத் தண்ணீர் வைத்து இறந்த உறவினரை எதிர்பார்ப்பது பெரும்பாலும் நவம்பர் 2க்கு உரியது, அதாவது கிறித்தவத்தின் அனைத்து ஆன்மாக்கள் நாளுக்கு. ஆனாலும் இங்கே ஒரு விட்டுக்கொடுப்பு அவசியம். நெராவின் தோளில் ஏறியவன் இறந்தவன்தான். ஷீயின் இருப்பிடங்கள் என்று கதைகள் காட்டும் மேடுகள் பலவும் நியூகிரேஞ்ச் போன்ற ஐயாயிரம் ஆண்டுப் பழைய ஈமச் சின்னங்கள்தாம். மறு உலகத்தாருக்கும் இறந்தவருக்கும் நடுவே அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் நம்மைப்போல் கோடு கிழித்துக்கொள்ளவில்லை. இறந்தோர் அந்த இரவில் இருந்தார்கள். அந்த இரவு அவர்களுக்காக ஏற்பட்டதென்று சொல்லத்தான் சான்று போதாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: இறந்தோர் விழா இல்லையென்றால் திருச்சபை ஏன் அனைத்துப் புனிதர் பெருவிழாவை அதே நாளில் வைத்தது? பழைய விழாவை விழுங்கத்தானே? இந்தக் கதை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு பலவீனமானது. 800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அயர்லாந்தின் டாலா மடத்தைச் சேர்ந்த ஓங்கஸ் தொகுத்த புனிதர் நாட்காட்டியில் அனைத்துப் புனிதர் நாள் ஏப்ரல் 20இல் இருக்கிறது. நவம்பர் 1 என்ற தேதியை அதே காலத்தில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வட இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் இருந்த திருச்சபையினர். 835இல் பேரரசர் பக்திமான் லூயி, போப் நான்காம் கிரகரியின் இசைவோடு அதைத் தம் ஆட்சிப்பரப்பில் விதித்தார். சௌவினை விழுங்க வேண்டுமென்ற எண்ணம் இருந்திருந்தால் அது முதலில் அயர்லாந்தில் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2இல் மெழுகுவர்த்தியோடும் பூவோடும் கொண்டாடும் கல்லறைத் திருநாளின் தேதியும் அயர்லாந்திலிருந்து வந்ததல்ல. பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ 1000ஐ ஒட்டிய காலத்தில் தம் மடங்களுக்கு விதித்தது. இரண்டு விழாக்களும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்த பிறகு ஒன்றின் நிறம் மற்றதில் ஏறியது. அது உண்மை. ஆனால் அது பல நூற்றாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்ததால் ஏறிய நிறம்.

இந்தக் கதைகளை எழுதியவர்கள் எல்லாருமே கிறித்தவத் துறவிகளும் அவர்களின் வழிவந்தவர்களும்தானே, அவர்களை நம்பி எதைச் சொல்வது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான ஐயம். சௌவின் இரவில் மீத் மாவட்டத்து ட்லாஹ்ட்கா குன்றில் கெல்ட்டியப் பூசாரிகளான துரூயிதுகள் பெருந்தீ மூட்ட, நாடெங்கும் அணைத்து வைத்த அடுப்புகளை அதிலிருந்து ஏற்றினார்கள் என்ற புகழ்பெற்ற காட்சியை நமக்குத் தருபவர் கீட்டிங். அவர் எழுதியது 1630களில், துரூயிதுகள் மறைந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு. அந்தக் குன்றில் 2014இல் தொடங்கிய அகழாய்வுகள் அது நெடுங்காலம் திரும்பத் திரும்பக் கட்டி மாற்றிய இடம் என்று காட்டின. கீட்டிங்கின் சடங்கை அவை மெய்ப்பிக்கவில்லை. இந்த இரவில் ஏற்றும், டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டிய விளக்கைத் துரூயிது காலத்துக்குக் கொண்டுபோவதும் நிற்காது. டர்னிப் அங்கே வயல்பயிராகப் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். மேயோ மாவட்டத்து அருங்காட்சியகத்தில் டோனகாலிலிருந்து வந்த ஒரு டர்னிப் முகத்தின் அச்சு இருக்கிறது: சுருங்கிய கன்னம், குழிந்த கண், வரிசையாக வெட்டிய பற்கள். அயர்லாந்துப் பஞ்சத்தில் அமெரிக்கா போனவர்கள் அங்கே கண்ட பூசணிக்கு இந்தக் கிழங்கின் வேலையைக் கொடுத்தார்கள். இவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லையே என்று தோன்றலாம். மாறாக, இவற்றைக் கழிக்கும்போதுதான் மந்தையும் வாசலும் கூடுகையும் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு துறவி தன் மதத்துக்கு எந்த லாபமும் இல்லாமல், கழுநீரை விட்டுவைக்காதே என்ற கதையைப் பாடுபட்டு எழுதி வைத்திருக்கிறார் என்றால், அது கேட்டவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்!

மதம் மாறிய பிறகும் பழைய வழக்கம் எப்படி வாழும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுச் சான்று ஒன்று போதும். 1703இல் வெளிவந்த நூலில் மார்ட்டின் மார்ட்டின் எழுதுகிறார்: அனைத்துப் புனிதர் காலத்தில் தீவினர் வீட்டுக்கு ஒரு படி மால்ட் கொடுத்து பீர் காய்ச்சுவார்கள். இரவில் ஒருவர் கோப்பை நிறைய பீரோடு இடுப்பளவு கடலில் இறங்கி, ஷோனி என்ற கடல் தெய்வத்தை விளித்து, வரும் ஆண்டில் வயலுக்கு உரமாகக் கடற்பாசியை நிறையத் தள்ளு என்று வேண்டி, பீரைக் கடலில் ஊற்றுவார். பிறகு எல்லாரும் கரையேறி நேரே தேவாலயத்துக்குப் போவார்கள். பலிபீடத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். சற்று நேரம் அமைதியாக நின்று, சைகை கிடைத்ததும் அதை அணைத்துவிட்டு வயலுக்குப் போய் விடியும்வரை குடித்து ஆடுவார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் தங்களைக் கிறித்தவர் என்றே சொல்லியிருப்பார்கள். கடலை நோக்கிக் கேட்டது மோட்சத்தையும் அல்ல, முன்னோரின் ஆசியையும் அல்ல. எருவைக் கேட்டார்கள்.

இன்று சௌவினைச் சமயமாகவே கொண்டாடும் நவீன பேகன் சமூகங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் இருக்கின்றன. 1950களில் ஜெரால்ட் கார்ட்னர் வெளியுலகுக்கு அறிவித்த விக்கா என்ற பேகன் சமயத்தின் எட்டு விழாச் சக்கரத்தில் இது ஒன்று. அவர்கள் அன்று இறந்தவர்களை நினைத்து மேசையில் ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். எடின்பரோவில் 1990களிலிருந்து தீப்பந்த ஊர்வலம் நடக்கிறது. பழைய மரபு இப்படி இல்லையே என்று அவர்களைப் போலிகள் என்பது முறையாகாது. இடைக்காலத் துறவிகளும் டோனகால் பிள்ளைகளும் தங்கள் தங்கள் காலத்துக்கு ஏற்ப இந்த இரவை மாற்றித்தான் கையில் எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழும் பேகன்களில் பலர் இதை ஏப்ரல் முடிவில் கொண்டாடுகிறார்கள் என்பதுதான் என் கண்ணில் பெரிய சான்று. அங்கே நவம்பர் வசந்தம். தேதியை விட்டுவிட்டுப் பருவத்தைப் பிடித்துக்கொண்டதில், மாடே வளர்க்காத அந்த நகரவாசிகள் மலை மந்தைக்காரரின் கணக்குக்கு மிக அருகில் வந்துவிடுகிறார்கள்.

நெரா நுழைந்த குகை இன்றும் இருக்கிறது. ரோஸ்காமன் மாவட்டத்தில், குருவஹன் கோட்டை இருந்த புல்வெளியில், ஒரு முள்மரத்தடியில் அதன் வாய் தெரியும். பூனைகளின் குகை என்று பெயர். வாயில் மிகத் தாழ்வானது, உள்ளே போகத் தவழத்தான் வேண்டும். நுழைந்ததும் தலைக்கு மேலே உள்ள பழைய பாவுகல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் ‘மேவின் மகன் ஃப்ராக்’ என்ற பெயர் வெட்டியிருக்கிறது. அதற்கப்பால் பாறைப்பிளவு ஈரமாக இருளுக்குள் இறங்குகிறது. வெளியே, சுற்றி எல்லாப் பக்கமும் மேய்ச்சல் நிலம்.